காட்டுக்குள் இரண்டு கேசினோக்கள்: அடுத்து எதைக் கட்டுவது?

கனெக்டிகட் மாநிலத்தின் தென்கிழக்கில், பெரிய நகரம் எதுவும் இல்லாத காட்டுப் பகுதியில், அமெரிக்காவின் மிகப் பெரிய கேசினோக்களில் இரண்டு இருக்கின்றன. லெட்யார்டில் இருக்கும் ஃபாக்ஸ்வுட்ஸ், மஷன்டக்கெட் பீக்வாட் என்ற பூர்வகுடி இனத்தாருடையது. தேம்ஸ் ஆற்றைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் அன்காஸ்வில். அங்கே இருக்கும் மொஹீகன் சன், மொஹீகன் இனத்தாருடையது. பாஸ்டனிலிருந்து வந்தாலும் நியூயார்க்கிலிருந்து வந்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். முப்பது வருடங்களாக ஜனங்கள் அந்தத் தூரத்தைப் பொருட்படுத்தாமல் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பக்கத்தில் போக வேறு இடம் அப்போது அதிகம் இல்லை.

இப்போது இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் எம்ஜிஎம் நிறுவனத்தின் கேசினோ திறந்தது. 2019 ஜூனில் பாஸ்டனை ஒட்டிய எவரெட்டில் என்கோர் என்ற கேசினோ திறந்தது. 2025 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் நகரத்துக்குள்ளேயே மூன்று முழு கேசினோக்களுக்கு உரிமம் கொடுத்துவிட்டது: இரண்டு குவீன்ஸில், ஒன்று பிராங்ஸில். சப்வேயில் ஏறிப் போய் பிளாக்ஜாக் ஆட முடிகிற ஒருவர் எதற்காக இரண்டரை மணி நேரம் காட்டுக்குள் வர வேண்டும்?

ஆகவே இந்த இரண்டு பூர்வகுடி அரசுகளுக்கு முன்னாலும் இன்று ஒரே கேள்விதான்: கேசினோவை இனி எந்தப் பக்கம் வளர்ப்பது? சொந்த நிலத்தில் இன்னும் பெரிதாகக் கட்டலாம். வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ போய்த் தொடங்கலாம். ஃபோனுக்குள் போகலாம். சூதாட்டமே இல்லாத தொழில்களைத் தன் நிலத்துக்கு வரவழைக்கலாம். நான்கையுமே இந்த இரண்டு இனத்தாரும் ஏதோ ஒரு வகையில் செய்து பார்த்துவிட்டார்கள் என்பதால், ஊகம் செய்யாமல் நடந்ததை வைத்தே ஒப்பிட முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது வழிதான் சரி, அதுவும் கடன் சுமை வேறொருவர் தலையில் இருக்கும் வகையில். ஏன் என்று சொல்ல, இது யாருடைய பணம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யாருடைய பணம் இது

லாஸ் வேகஸ் கேசினோ நஷ்டப்பட்டால் பங்குதாரர்கள் பணம் போகும். ஃபாக்ஸ்வுட்ஸ் நஷ்டப்பட்டால் ஓர் அரசாங்கத்தின் பட்ஜெட் போகும், ஏனென்றால் அங்கீகாரம் பெற்ற பூர்வகுடி இனம் தன் நிலத்தில் தானே ஓர் அரசு. 1988-இல் வந்த இந்தியன் கேமிங் சட்டம், பூர்வகுடி கேசினோவின் நிகர வருமானத்தை எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று வரையறுத்திருக்கிறது: அந்த இனத்தின் அரசாங்கம், மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தர்மம், பக்கத்து உள்ளாட்சிகளுக்கு உதவி. உறுப்பினர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதாக இருந்தாலும், அந்தத் திட்டத்துக்கு வாஷிங்டனின் ஒப்புதல் வேண்டும். மருத்துவம், படிப்பு, வீடு, முதியோர் பராமரிப்பு எல்லாம் காசு போட்டு ஆடும் அந்த ஸ்லாட் மெஷின்களிலிருந்துதான் வர வேண்டும்.

அப்படி ஒரு நிலைக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1637 மே மாதம் மிஸ்டிக்கில் இருந்த பீக்வாட் கோட்டைக்கு ஆங்கிலேயர்கள் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே காலைப் பொழுதில் செத்தார்கள். போருக்குப் பிறகு பீக்வாட் என்ற பெயரையே சொல்லக் கூடாது என்று தடை போட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் அந்த இனத்துக்கு எஞ்சியிருந்தது 214 ஏக்கர் நிலம். அதில் குடியிருந்து அதை விடாமல் காத்தவர்கள், ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு வயதான சகோதரிகள். அவர்கள் காலத்துக்குப் பிறகு திரும்பி வந்த பேரப்பிள்ளைகள் மேப்பிள் பாகு காய்ச்சிப் பார்த்தார்கள், பன்றி வளர்த்தார்கள், கண்ணாடிக் கூடாரம் போட்டு லெட்யூஸ் பயிரிட்டார்கள். எதுவும் சோறு போடவில்லை. 1983-இல் கூட்டரசின் அங்கீகாரம் கிடைத்தது, 1986-இல் பிங்கோ கூடம் திறந்தார்கள். அதுதான் முதல் தடவையாகக் காசு பார்த்த தொழில்.

பிங்கோவிலிருந்து கேசினோவுக்குப் போக வங்கிகளிடம் கேட்டார்கள். அமெரிக்க வங்கிகள் கை விரித்தன. கடைசியில் பணம் கொடுத்தவர் மலேசியாவின் லிம் கோ தோங். மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த கெந்திங் மலை கேசினோவை உருவாக்கியவர். சுமார் ஆறு கோடி டாலர். 1992 பிப்ரவரியில் ஃபாக்ஸ்வுட்ஸ் திறந்தபோது, கூட்டம் குறைந்ததும் பூட்டலாம் என்றுதான் திட்டமிட்டிருந்தார்களாம். பூட்டவே முடியவில்லை.

வங்கிகள் ஏன் தயங்கின என்பது இந்த ஒப்பீடு முழுவதற்கும் அடிப்படை. பூர்வகுடி நிலத்தைக் கூட்டரசு அவர்கள் சார்பில் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதை அடமானம் வைக்க முடியாது, ஜப்தி செய்ய முடியாது. அந்த இன அரசின் மேல், அது சம்மதிக்காமல், வழக்குப் போடுவதும் கடினம். நிலம் இனி ஒருபோதும் பறிபோகாது என்பது 1637-ஐப் பார்த்த ஓர் இனத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் கடன் கொடுப்பவன் கண்ணில் அதுவே ஆபத்து. ஆகவே அவன் வட்டியைக் கூட்டுவான், நிபந்தனைகளை இறுக்குவான்.

சொந்த நிலத்தில் பெரிதாக்குவது

முதல் பதினைந்து வருடங்கள் இந்த வழி அருமையாகப் பலித்தது. 1993-இல் பீக்வாட்கள் கவர்னர் லோவல் வைக்கருடன் ஓர் உடன்பாடு போட்டார்கள். ஸ்லாட் வருமானத்தில் 25 சதவீதம் மாநிலத்துக்கு. பதிலுக்கு, மாநிலம் வேறு யாருக்கும் ஸ்லாட் மெஷின் உரிமம் கொடுக்கக் கூடாது. மொஹீகன்கள் 1994-இல் அங்கீகாரம் பெற்று, 1996 அக்டோபரில் மொஹீகன் சன்னைத் திறந்து, அதே உடன்பாட்டுக்குள் வந்தார்கள். இரண்டு இனத்தார் மட்டும், பக்கத்தில் போட்டி இல்லை. 2007-இல் மாநிலத்துக்குப் போன பங்கு மட்டும் ஏறக்குறைய 43 கோடி டாலர்.

அந்த வருடங்களில் கட்டியதெல்லாம் நிரம்பியது. ஃபாக்ஸ்வுட்ஸ் 1997-இல் கிராண்ட் பீக்வாட் டவரைக் கட்டியது. மொஹீகன்கள் 2001-2002-இல் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து இரண்டாவது கேசினோ, 34 மாடி ஹோட்டல், பத்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம் என்று ஒரே மூச்சில் எழுப்பினார்கள். அந்த அரங்கம்தான் அவர்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான வேலை என்று நினைக்கிறேன். கச்சேரிக்கும் கூடைப்பந்துக்கும் வருகிறவர்கள் சூதாட வருவதில்லை. ஆனால் சாப்பிடுவார்கள், தங்குவார்கள், வெளியே போகும் வழியில் இருபது டாலரை ஒரு மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் இன்னொரு கேசினோ வந்ததால் அந்தக் கூட்டம் அங்கே போய்விடாது. பாடகர் எங்கே பாடுகிறாரோ அங்கேதான் போவார்கள்.

அப்புறம் 2008. ஃபாக்ஸ்வுட்ஸ் எம்ஜிஎம் பெயரைக் கடன் வாங்கி, 70 கோடி டாலரில் இன்னொரு கோபுரத்தை மே மாதம் திறந்தது. நான்கே மாதத்தில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நிதி நெருக்கடி வெடித்தது. மக்கள் கையில் செலவழிக்கக் காசு இல்லை. 2009-இல் பீக்வாட்களின் மொத்தக் கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, தவணை கட்ட முடியவில்லை. சாதாரண கம்பெனி என்றால் திவால் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அமெரிக்கத் திவால் சட்டத்தில் பூர்வகுடி அரசுகளுக்குத் தெளிவான இடமே இல்லை. கடன்காரர்களாலும் கேசினோவை எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அந்த நிலத்தில் கேசினோ நடத்தும் உரிமை அந்த இனத்துக்கு மட்டும்தான். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நான்கு வருடம் பேசினார்கள். 2013-இல்தான் கடனைச் சீரமைக்க ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நான்கு வருடத்தில் நடந்தது கடன் புத்தகத்தில் தெரியாது. உறுப்பினர்களுக்குத் தலைக்கு வருடம் லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துவந்த பணம் நின்றது. வங்கிக்காரர்களுக்கு முன்னால் இனத்துக்குத்தான் முதல் பங்கு என்று எழுதிய அப்போதைய தலைவரை அந்த இனத்தின் ஆட்சி மன்றமே விலக்கியது. பதினெட்டு வயதில் காசோலை வரும் என்று நம்பி வளர்ந்த ஒரு தலைமுறை, கையில் வேறு தொழில் இல்லாமல் நின்றது. பணத்தைப் பிரித்துக் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். முந்நூறு வருடம் எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் வந்த பணத்தைப் பகிர்ந்துகொண்டதில் என்ன தப்பு? தப்பு அந்தக் கோபுரத்தில்தான். ஏற்கெனவே நிரம்பி வழிந்த ஒரு வியாபாரத்தில் அதே சரக்கை இன்னும் கொஞ்சம் சேர்க்க, வாழ்நாள் வருமானத்தை அடகு வைத்த மாதிரி ஆகிவிட்டது. எம்ஜிஎம் பெயர் போய் இப்போது அது ஃபாக்ஸ் டவர்.

இதே ஆற்றின் மறுகரையில் மொஹீகன்களும் ஒரு புதிய ஹோட்டல் கோபுரத்தைத் தொடங்கியிருந்தார்கள். 2008-இல் நெருக்கடி வந்ததும் பாதியில் நிறுத்தினார்கள். அப்போது அது தோல்வி மாதிரித் தெரிந்தது. எட்டு வருடம் கழித்து 2016-இல், வேறு அளவில், எர்த் டவர் என்ற ஹோட்டலைத் திறந்தார்கள். நிறுத்தத் தெரிந்ததால்தான் தப்பித்தார்கள்.

ஃபாக்ஸ்வுட்ஸ் கட்டியவற்றில் நான் மனதார மதிக்கும் ஒன்று, வருமானமே தராத ஒன்று. 1998-இல் 19.3 கோடி டாலரில் அவர்கள் கட்டிய அருங்காட்சியகம். எஸ்கலேட்டரில் கீழே இறங்கும்போது இரண்டு பக்கமும் பனிப்பாறைப் பிளவு, முகத்தில் சில்லென்று காற்று, பனி வெடிக்கும் ஓசை. கீழே போனால் பதினாறாம் நூற்றாண்டுப் பீக்வாட் கிராமம் ஆள் உயரத்தில் அப்படியே இருக்கிறது. மரப்பட்டைக் குடிசைகள், மீன் காயப்போடும் பெண்கள், பறவைச் சத்தம். கணக்குப் பார்ப்பவர் இதை வீண் செலவு என்பார். பெரும் பணம் போட்டுச் செய்ததில் மறுபடியும் செய்யத்தக்கது இது ஒன்றுதான் என்பேன். தங்கள் பெயரையே சட்டம் போட்டு அழிக்கப் பார்த்தவர்கள் முன்னால் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

வெளியே போவது

வீட்டில் நெருக்கடி என்றால் வெளியே போய்ச் சம்பாதிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பூர்வகுடி எல்லையைத் தாண்டியதுமே அவர்கள் ஓர் அரசாங்கம் இல்லை, இன்னொரு கம்பெனி. மொஹீகன்கள் 2005-இல் பென்சில்வேனியாவின் போகோனோ டவுன்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தை 28 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த வருடம் அங்கே ஸ்லாட் மெஷின்களைத் திறந்தார்கள். அந்த மாநிலத்திலேயே முதல் ஸ்லாட் கூடம் அதுதான். சொந்த ஊரில் ஸ்லாட் வருமானத்தில் மாநிலத்துக்குப் போவது கால் பங்கு. பென்சில்வேனியாவில் பாதிக்கும் மேல். நல்ல வியாபாரம்தான், ஆனால் ஒரு டாலர் சம்பாதிக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் உழைக்க வேண்டும்.

பீக்வாட்கள் வெளியே போன கதை இன்னும் சுருக்கமானது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கேசினோ உரிமம் பெற்றார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு, பணத் தட்டுப்பாடு என்று இழுத்து, 2010-இல் மாநிலம் உரிமத்தையே ரத்து செய்தது. மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டில் முயன்றார்கள். 2013-இல் ஊர் மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். எம்ஜிஎம் ஸ்பிரிங்ஃபீல்டைத் தடுக்க, இரண்டு இனத்தாரும் கைகோத்து ஈஸ்ட் வின்ட்சரில் ஒரு கேசினோ கட்டப் பார்த்தார்கள். 2017-இல் மாநிலச் சட்டமன்றம் சம்மதித்தது, இருந்த பழைய சினிமா தியேட்டரை இடித்தும்விட்டார்கள். எம்ஜிஎம்மின் எதிர்ப்பு, வாஷிங்டனின் இழுத்தடிப்பு என்று அது அப்படியே நின்றுபோனது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் கொரியாவில். இஞ்சியோன் விமான நிலையத்தை ஒட்டி மொஹீகன்கள் இன்ஸ்பையர் என்ற மாபெரும் ரிசார்ட்டைக் கட்டினார்கள். செலவு 160 கோடி டாலர் அளவுக்கு. பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம், மூன்று ஹோட்டல் கோபுரங்கள். 2023 இறுதியில் ஹோட்டல் திறந்தது, 2024 பிப்ரவரியில் கேசினோ திறந்தது. தென் கொரியாவில் ஒரே ஒரு கேசினோவைத் தவிர மற்ற எதிலும் கொரியக் குடிமக்கள் ஆட முடியாது. ஆக, கேசினோவுக்கு வருகிறவர்கள் முழுக்க வெளிநாட்டவர். ஆட்கள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. கடன் நிபந்தனைகளைக் காப்பாற்ற முடியாமல் போய், 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்த பெய்ன் கேப்பிட்டல் நிறுவனம் ரிசார்ட்டையே தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பூர்வகுடி நிலத்தில் யாராலும் செய்ய முடியாததை, அந்நிய நிலத்தில் ஒரே நாளில் செய்துவிட்டார்கள். பத்து வருட உழைப்பு, இனத்தின் பெயர், போட்ட பணம் எல்லாம் போனது. அன்காஸ்வில்லில் இருக்கும் கேசினோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலம் யாருடையது என்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

வெளியே போய் ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள், நன்றாகவே ஜெயித்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவின் செமினோல்கள் 2007-இல் ஹார்ட் ராக் நிறுவனத்தை 96.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரில் ஹோட்டல்களும் கஃபேக்களும் இருக்கின்றன. நியூயார்க்கின் குவீன்ஸில் இப்போது உரிமம் வாங்கியிருப்பவர்களில் ஒருவர் அவர்கள்தான். கலிஃபோர்னியாவின் சான் மனுவேல் இனத்தார் 2021-இல் லாஸ் வேகஸின் பாம்ஸ் கேசினோவை 65 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த வருடம் திறந்தார்கள். வேகஸில் ஒரு ரிசார்ட்டை முழுக்கச் சொந்தமாக வைத்து நடத்தும் முதல் பூர்வகுடி அவர்கள். அலபாமாவின் போர்ச் கிரீக் இனத்தார் 2019-இல் பென்சில்வேனியாவின் சாண்ட்ஸ் பெத்லஹேம் கேசினோவை 130 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

இவர்களுக்கும் கனெக்டிகட்காரர்களுக்கும் என்ன வித்தியாசம்? செமினோல்களுக்குப் பின்னால் ஃப்ளோரிடா முழுக்க இருக்கிறது. அங்கே அவர்கள் நடத்தும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை வேறு யாரும் நடத்த முடியாது. சான் மனுவேலுக்குப் பக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பெருநகரமே கிடக்கிறது. வீட்டில் அசைக்க முடியாத வருமானம் இருந்ததால் மிஞ்சிய பணத்தோடு வெளியே போனார்கள். கனெக்டிகட் இனத்தார் வீட்டு வருமானம் சுருங்குகிறதே என்ற பயத்தில், கடனோடு வெளியே போனார்கள். வலுவான இடத்திலிருந்து போவது வேறு, தப்பிக்கப் போவது வேறு. செமினோல்கள் வாங்கியதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அவர்கள் முதலில் வாங்கியது கட்டடத்தை அல்ல, ஒரு பெயரை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் கட்டிய கட்டடங்களிலிருந்தும் கட்டணம் வாங்க முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவீன்ஸில் உரிமம் பெற்ற இன்னொருவர் கெந்திங். 1992-க்கு முன்னால் அமெரிக்க வங்கிகள் கை விரித்தபோது பீக்வாட்களுக்குக் கடன் கொடுத்த அதே குடும்பத்தின் நிறுவனம். அது ஏற்கெனவே அங்கே ஸ்லாட் கூடம் நடத்திவந்தது. இந்த உரிமத்தால் பிளாக்ஜாக் மாதிரியான மேஜை ஆட்டங்களும் வைக்கலாம். துரோகம் என்றெல்லாம் சொல்ல முடியாது, வியாபாரம் அப்படித்தான். ஆனால் செமினோல்கள் என்ற இன்னொரு பூர்வகுடி இனமே ஃபாக்ஸ்வுட்ஸின் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொள்ளப் போகிறது, முதலில் கைகொடுத்தவர்களும் அதையே செய்யப் போகிறார்கள் என்பதைப் பீக்வாட் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஃபோனுக்குள் போவது

2021 அக்டோபரில் கனெக்டிகட்டில் ஆன்லைன் கேசினோவும் விளையாட்டுப் பந்தயமும் தொடங்கின. பீக்வாட்கள் டிராஃப்ட்கிங்ஸ், மொஹீகன்கள் ஃபேன்டியூல் என்று ஆளுக்கொரு ஆன்லைன் பந்தய நிறுவனத்தோடு சேர்ந்தார்கள். ஆன்லைன் கேசினோ வருமானத்தில் மாநிலத்துக்கு 18 சதவீதம், ஐந்து வருடம் கழித்து 20. பந்தயத்தில் 13.75. ஈஸ்ட் வின்ட்சர் திட்டத்தைக் கிடப்பில் போடவும் அப்போதுதான் ஒத்துக்கொண்டார்கள். கட்டடம் இல்லை, கடன் இல்லை, பனிப்பொழிவில் பஸ் நின்றுபோகும் கவலை இல்லை. ஃப்ளோரிடாவில் செமினோல்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து ஃபோனில் பந்தயம் கட்டினாலும், கணினி செமினோல் நிலத்தில் இருப்பதால் அங்கே ஆடியதாகவே கணக்கு என்று 2021-இல் உடன்பாடு போட்டார்கள். வழக்குகள் நடந்தன. 2024-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

பணக் கணக்கில் இது நல்ல வழி. ஆனால் என்னால் முழு மனதோடு ஆதரிக்க முடியவில்லை. ஃபாக்ஸ்வுட்ஸில் ஸ்லாட் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர் அட்டையைச் சுருள் கயிற்றில் கோத்துச் சட்டையில் மாட்டியிருப்பார்கள், அட்டையின் மறுமுனை மெஷினுக்குள் இருக்கும். பாத்ரூம் போக எழுந்தால் அட்டையை உருவ வேண்டும். அந்த ஒரு நிமிடம் யோசிக்க இடம் இருக்கிறது. பஸ் கிளம்பும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஃபோனில் அது எதுவும் கிடையாது. இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் ஆடுகிறவரை யார் நிறுத்துவது?

வேலையும் வராது. தொண்ணூறுகளில், பனிப்போர் முடிந்து பக்கத்து ஊரான குரோட்டனில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தொழிலில் ஆட்குறைப்பு நடந்தபோது, அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்தியவை இந்தக் கேசினோக்கள்தான். டீலர், சமையல்காரர், அறை சுத்தம் செய்பவர் என்று ஆயிரக்கணக்கானோர். நார்விச் ஊரில் இருக்கும் சீனக் குடும்பங்களில் பல, 2001-க்குப் பிறகு நியூயார்க்கிலிருந்து இந்த வேலைகளுக்காகக் குடிபெயர்ந்தவை. ஆப் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கும்? தவிர, ஃபோனில் ஆடுகிறவர் மனதில் நிற்பது டிராஃப்ட்கிங்ஸ் என்ற பெயர், பீக்வாட் என்ற பெயர் இல்லை. இப்போது கால்ஷி மாதிரியான நிறுவனங்கள் விளையாட்டு முடிவுகளை நிதிச் சந்தை ஒப்பந்தம் என்று சொல்லிப் பல மாநிலங்களில் விற்கின்றன. 2025-இல் கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் சிலர் அதன் மேல் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். தனி உரிமை என்று நம்பி இருக்கிற வருமானத்துக்கு எவ்வளவு நாள் உத்தரவாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. வருகிறவரை வாங்கிக்கொள்ளலாம், அதை நம்பி இன்னொரு கடன் வாங்கக் கூடாது.

வேறொருவர் முதலீட்டில், சொந்த நிலத்தில்

ஃபாக்ஸ்வுட்ஸ் 2013-க்குப் பிறகு செய்ததைக் கவனித்தால், பட்ட அடியிலிருந்து நிறையக் கற்றிருக்கிறார்கள் என்று தெரியும். 2015-இல் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே டாங்கர் அவுட்லெட் கடைவீதி வந்தது. ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிறவர் கடைகள் வழியாகத்தான் நடக்க வேண்டும். 2025-இல் பக்கத்திலேயே கிரேட் வுல்ஃப் லாட்ஜ் திறந்தது. சுமார் 30 கோடி டாலர் திட்டம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறைகள், கூரைக்கு அடியில் பெரிய தண்ணீர்ப் பூங்கா. நிலம் பீக்வாட்களுடையது. நடத்துவது கிரேட் வுல்ஃப். குளிர்கால விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்குக் குவீன்ஸ் கேசினோ போட்டியே இல்லை. கூட்டம் வராமல் போனாலும், 2009 மாதிரி இனத்தின் பட்ஜெட் முழுவதும் கவிழாது.

இதற்கும் விலை உண்டு, மறைக்க மாட்டேன். லாபத்தின் பெரிய பங்கு வெளியே போகும். குத்தகை வருமானம் ஸ்லாட் வருமானம் மாதிரி கொட்டாது. கேசினோவுக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கான இடம் வைப்பது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி, வாசலும் பாதையும் தனித்தனியாக இருப்பதை இனத்தார் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் கிடைப்பதும் கஷ்டம். தொண்ணூறுகளில் ஆட்களை வெளியே அனுப்பிய குரோட்டன் கப்பல் கட்டும் தளம், இப்போது புதிய நீர்மூழ்கிகளுக்காக ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுக்கிறது. ஹோட்டலில் படுக்கை விரிக்கிற சம்பளத்துக்கு இனி ஆள் வருவாரா? என்ன கட்டினாலும் பக்கத்தில் தொழிலாளர்களுக்கு வீடும் கட்டியாக வேண்டும்.

இந்த வழியை முதலிலேயே பிடித்தவர்களில் நெப்ராஸ்காவின் வின்னபேகோ இனத்தாரைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஐயோவா மாநிலத்தில் கேசினோக்கள் பெருகுவதைப் பார்த்து, தங்கள் கேசினோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1994-லேயே ஹோ-சங்க் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கட்டுமானம், அரசு ஒப்பந்தங்கள், வீடுகள் என்று அது வளர்ந்து, சூதாட்டத்தை மட்டும் நம்பாத ஓர் இனமாக அவர்களை மாற்றியது. போட்டி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே தொடங்கினார்கள். பீக்வாட்களுக்கு அந்த வருடங்கள் போய்விட்டன. இருந்தாலும் குத்தகைப் பணத்தை அப்படி ஒரு நிறுவனத்துக்கு விதையாகப் போட இன்னும் நேரம் இருக்கிறது.

இருவருக்கும் ஒரே பதில் இல்லை

பீக்வாட்கள் கையில் காடு இருக்கிறது, இரண்டு கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன, இப்போது தண்ணீர்ப் பூங்காவும் இருக்கிறது. அவர்கள் சூதாட்டத் தளத்தை ஒரு சதுர அடிகூடக் கூட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. இருக்கிற அறைகளைப் புதுப்பித்து, அடுத்தடுத்த மனைகளைக் குத்தகைக்குக் கொடுத்துப் போகலாம். அருங்காட்சியகத்தை வருடம் முழுக்கத் திறந்து வைத்து, தண்ணீர்ப் பூங்காவுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கு ஒரு டிக்கெட் சேர்த்துக் கொடுத்தால் போதும், அந்தக் கட்டடத்துக்கும் கூட்டம் வரும்.

மொஹீகன்கள் நிலைமை வேறு. அவர்களுக்கு இடம் குறைவு. முன்பு கடற்படை அணு உலைகளுக்கு எரிபொருள் செய்த தொழிற்சாலை இருந்த மனையில்தான் கேசினோ நிற்கிறது, ஒரு பக்கம் ஆறு. அவர்களிடம் இருப்பது நடத்தும் திறமை. கனடாவின் நயாகரா அருவிக் கரையில் இருக்கும் கேசினோக்களை அவர்கள் நடத்துகிறார்கள். கட்டடம் அவர்களுடையது இல்லை. தொழிலை நடத்திக் கொடுக்கிறார்கள். வெளியே போக வேண்டும் என்றால் இந்த அளவோடு போகலாம். தொடக்கத்தில் அவர்களுக்கே ஒருவர் இப்படித்தான் செய்தார். தென்னாப்பிரிக்காவின் சோல் கெர்ஸ்னர் சேர்ந்து நடத்திய நிறுவனம் மொஹீகன் சன்னைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு, விலகிப் போன பிறகும் 2000-இலிருந்து 2014 வரை வருமானத்தில் ஐந்து சதவீதம் வாங்கிக்கொண்டது. பதினைந்து வருடம் அந்தப் பணத்தைக் கட்டியவர்களுக்கு, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எவ்வளவு லாபம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொரியாவுக்குப் பிறகு அவர்கள் முதலில் கடனைக் குறைக்க வேண்டும். நியூயார்க்கில் புதிய மேஜைகள் போடத் தொடங்கினால், முதலில் அடி விழுவது பஸ்ஸில் வந்து ஆடிவிட்டுப் போகும் கூட்டத்தில்தான். எவ்வளவு குறைகிறது என்பது ஓரிரண்டு வருடத்தில் மாதாந்திர ஸ்லாட் கணக்கிலேயே தெரிந்துவிடும், மாநிலம் அதை வெளியிடுகிறது. அந்த எண்ணைப் பார்க்கும் வரை, எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் புதிதாக எதற்கும் கையெழுத்துப் போடாமல் இருந்தால், அன்காஸ்வில்லில் இருக்கும் முதியவர்களின் மருத்துவச் செலவும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் அடுத்த வருடமும் தவறாமல் கட்டப்படும்.